சங்கம் தொடங்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

ஒரகடம் நைட் ஷிஃப்ட்:

வணக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக ஆபரேட்டராக இருக்கிறேன். பிரஸ் ஷாப். பெர்மனென்ட் ஆகி மூன்று வருடம். இதுவரை எங்கள் கம்பெனியில் யூனியன் கிடையாது.

போன வாரம் கேன்டீனில் எங்கள் லைன் அண்ணன் ஒருவர் நாலாக மடித்த தாள் ஒன்றைத் தட்டுக்கு அடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சங்கம் தொடங்குவதற்கான பெயர்ப் பட்டியல். நாற்பத்தொரு கையெழுத்து இருந்தது. ஓரத்தில் சாம்பார் பட்டு இரண்டு பெயர் கலங்கியிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

சங்கம் எதற்கு என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஏப்ரலில் பக்கத்து மெஷின் பையனுக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போயிற்று. டார்கெட் வரவேண்டும் என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை ஆஃப் செய்து வைத்திருந்தார்கள். ஷிஃப்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதி, அவனுக்கே மெமோ கொடுத்தார்கள். வலது கையில் கட்டு, இடது கையால் கோணல் மாணலாக அவன் அதில் கையெழுத்துப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இன்னொரு பக்கம் என் அப்பா. கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர், சங்கத்து ஆள். ஸ்டிரைக், அப்புறம் லாக் அவுட், அப்புறம் மில்லையே மூடிவிட்டார்கள். கிராஜுவிட்டிக்காக ஒன்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்தார். அம்மாவுக்குச் சங்கம் என்ற சொல்லே ஆகாது. தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம் வேறு.

சங்கத்தில் இருப்பவர்கள், இருந்து வெளியே வந்தவர்கள், எதிர்ப்பவர்கள், யாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

அம்பத்தூர் லேத்:

தம்பி, போடாதீர்கள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது பேரை வைத்துச் சின்னப் பட்டறை நடத்துகிறேன். பிராக்கெட், புஷ் அடித்துக் கொடுக்கிற வேலை. சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் சப்ளை செய்த பெரிய கம்பெனியில் ஐம்பது நாள் ஸ்டிரைக். எனக்கு ஆர்டர் நின்றுபோனது. அடித்து வைத்த சரக்கு கிரேட்டிலேயே துருப்பிடித்தது. பையன்களைப் போகச் சொல்ல மனசு வரவில்லை. வீட்டு நகையை அடகு வைத்து இரண்டு மாதச் சம்பளம் போட்டேன். ஒப்பந்தம் ஆன அன்று அந்தக் கேட்டில் பட்டாசு வெடித்தார்கள். நல்ல உயர்வு, நான் மறுக்கவில்லை. அடுத்த மாதமே பர்ச்சேஸில் என்னைக் கூப்பிட்டுப் பீஸ் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்களுக்குக் கிடைத்த உயர்வில் ஒரு பங்கு என் பட்டறையிலிருந்துதான் போயிற்று. என் பையன்களுக்கு அந்த வருடம் போனஸ் கொடுக்க முடியவில்லை. இதை எந்தச் சங்கத்துக்காரரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவையும் நினைத்துப் பாருங்கள். 2006இல் வந்த தொழிற்சாலை, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அங்கேயும் சங்கம் இருந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பணத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குத்தானே போனார்கள்?

பழைய பெரம்பூர்:

அம்பத்தூர்க்காரரே, நகையை வைத்துச் சம்பளம் கொடுத்த மனுஷரிடம் சண்டை போட எனக்கு வாய் வராது. பர்ச்சேஸில் உங்களை அழுத்தியது உண்மைதான், அதைச் சங்கங்கள் கண்டுகொள்வதில்லை என்பதும் உண்மை. ஆனால் நோக்கியாவைச் சங்கத்தின் தலையில் வைக்காதீர்கள். வருமானவரித் துறையோடு பெரிய வழக்கு, ஆலையை விற்க முடியாதபடி முடக்கம். கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது சென்னை ஆலையை மட்டும் விட்டுவிட்டது. சங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மூடியிருக்கும். சங்கம் இருந்ததால் போகும்போது கொடுக்கும் தொகையைப் பற்றி உட்கார்ந்து பேச ஓர் ஆள் இருந்தது.

எங்கள் தாத்தாவும் அப்பாவும் பி அண்ட் சி மில், அதாவது பக்கிங்காம் கர்நாட்டிக் துணி ஆலை. நானும் அங்கே பதினெட்டு வருடம். பெரம்பூரில் எங்கள் தெருவுக்கே மில் சங்குதான் கடிகாரம். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தாத்தாவுக்குப் பதினேழு வயது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைக்கு. அன்றைய பெரிய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியம் சாப்பிட நேரம் போதவில்லை. தாத்தா சோற்றை மென்று தின்றதே இல்லையாம், விழுங்குவாராம். கடைசி வரைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. எண்பது வயதிலும் இலையில் சோறு விழுந்த வேகத்தில் எழுந்துவிடுவார். பாட்டி திட்டுவாள்.

சங்கம் வந்த இரண்டே வருடத்தில் மில் முதலாளிகள் வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தொழிலாளியைத் தூண்டி ஒப்பந்தத்தை மீற வைக்கிறார், நட்ட ஈடு வேண்டும் என்று. தடையுத்தரவும் வாங்கினார்கள். சங்கம் வைப்பதே குற்றம் மாதிரி ஆகிப்போனது. அந்த வழக்கு கிளப்பிய கேள்வியிலிருந்துதான் 1926ஆம் வருடத் தொழிற்சங்கச் சட்டம் வரை விஷயம் நடந்தது. நாலாக மடித்துத் தட்டுக்கு அடியில் தள்ளிய அந்தத் தாளுக்கு நூறு வருடத்து வழி இருக்கிறது, தம்பி.

போடுங்கள் என்பதுதான் என் பேச்சு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். யார் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

மூன்றாவது கேட்:

நான் கேட்க வந்ததையே பெரியவர் கேட்டுவிட்டார். அந்த நாற்பத்தொரு பேரில் கான்ட்ராக்ட் எத்தனை பேர்?

நான் இதே பெல்ட்டில் மூன்று கம்பெனி மாறிவிட்டேன். முதலில் டிரெய்னி, அப்புறம் நீம் என்ற அரசுப் பயிற்சித் திட்டத்து ஆள், இப்போது கான்ட்ராக்ட். அதே மெஷின், அதே டார்கெட், பாதிக்கும் குறைவான சம்பளம். யூனிஃபார்ம் கலர்தான் வேறு. 

முன்னால் இருந்த ஒரு கம்பெனியில் சங்கம் ஸ்டிரைக் பண்ணியபோது எங்களையும் பந்தலில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். கை தட்டினோம், கோஷம் போட்டோம், கஞ்சி கிண்டினோம். இருபத்தாறாம் நாள் ஒப்பந்தம். வாசித்துக் காட்டினார்கள். கடைசிப் பக்கம் வரைக்கும் காத்திருந்தேன், கான்ட்ராக்ட் என்ற சொல்லே வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனால் எங்களில் பந்தலில் உட்கார்ந்த பதினோரு பேருக்கு கேட் பாஸ் வேலை செய்யவில்லை. கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. சங்கச் செயலாளரிடம் போனேன். 'நீங்கள் எங்கள் உறுப்பினர் இல்லையே தம்பி' என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

எனக்குச் சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என்னைச் சேர்க்கிற சங்கம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.

பழைய பெரம்பூர்:

தம்பி, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 1921இல் எங்கள் மில்லிலேயே இதுதான் நடந்தது. ஜூனில் தொடங்கிய போராட்டத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலும் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் வெளியே நின்றார்கள். மில் சண்டை புளியந்தோப்பில் சாதிச் சண்டையாக ஆனது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் தோற்றுப்போய் உள்ளே போனார்கள். முதலாளி பிரித்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிரிக்கிற மாதிரி நாம் இருந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாத்தா அந்த வருடத்தைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார். உங்கள் கேட் பாஸ் கதையைப் படித்ததும் எனக்கு அந்த மௌனம்தான் ஞாபகம் வந்தது.

தேவிகுளம் பொண்ணு:

அம்மா மூணாறில் முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். நாங்கள் லயத்தில், எஸ்டேட் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறிய குடும்பம்.

எங்கள் ஊரில் சங்கம் இல்லை என்ற குறையே கிடையாது, அது நிறைய இருந்தது. சந்தா சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். அம்மா மூன்று கொடிக்கும் கை தூக்கியிருக்கிறார். 2015 செப்டம்பரில் போனஸை பத்து சதவீதமாகக் குறைத்தபோது அந்தச் சங்கங்கள் அடக்கி வாசித்தன. நாள் கூலி அப்போது 232 ரூபாய். ஒரு நாளைக்கு 21 கிலோ கொழுந்து எடுத்தால்தான் அந்தக் கூலி. பெண்கள் தாங்களாகவே இறங்கி மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். ஆயிரக்கணக்கில். தலைவர்கள் வந்தபோது விரட்டிவிட்டார்கள். ஆண்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள், அப்பா உட்பட. அப்போதைய கேரள எதிர்க்கட்சித் தலைவர் அச்சுதானந்தன் வந்தபோதுதான் உட்கார இடம் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் இருபது சதவீதம் வாங்கினார்கள். அதுதான் பெண்கள் ஒற்றுமை, பெம்பிளை ஒருமை.

அம்மா ஒன்பது நாளும் போனார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை மடக்கி மடக்கி, எத்தனை பேர் எங்கள் டிவிஷனிலிருந்து வந்தார்கள் என்று ராத்திரி எண்ணிச் சொல்வார். வீட்டில் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். கூலி 500 ஆக வேண்டும் என்று கேட்டோம். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் அதே பழைய சங்கங்கள். ஏனென்றால் பதிவு, அங்கீகாரம் எல்லாம் அவர்களிடம்தான். 301 ரூபாயில் முடிந்தது. பெம்பிளை ஒருமையும் பின்னால் பதிவு பெற்ற சங்கமாகத்தான் ஆனது, அப்புறம் அதற்குள்ளேயும் பிளவு. ரோட்டில் ஒன்பது நாள் உட்கார முடியும் அக்கா தங்கைகளால், ஒன்பது வருடம் உட்கார முடியாது. அதற்கு ஆபீஸ், ரசீதுப் புத்தகம், கணக்கு எழுத ஆள் வேண்டும். ஆபீஸ் வந்ததும் அதில் யார் உட்காருவது என்ற சண்டையும் வருகிறது.

ஒரகடம் அண்ணா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். பொதுக்குழு வருடத்துக்கு எத்தனை தடவை? கணக்கை யார் வாசிப்பார்கள்? நிர்வாகியை மாற்ற வேண்டுமென்றால் எப்படி மாற்றுவது? எங்கள் அம்மாக்கள் முப்பது வருடம் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.

மனிதவளம்:

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். பதினான்கு வருடமாக மனிதவளத் துறை. எங்கே என்று சொல்ல முடியாது.

சங்கம் இல்லாத தொழிற்சாலை நிம்மதியானது என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது ஞாபகம் இருக்கும். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றைம்பதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல, சொன்னால் அந்தப் பெண்கள் நம்ப, அவர்களே தேர்ந்தெடுத்த ஓர் ஆள் இல்லை. தொழிற்சாலை ஜனவரி வரை மூடிக் கிடந்தது. ஒரு நல்ல செயலாளர் இருந்திருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'நான் பார்த்தேன், உயிரோடு இருக்கிறார்கள், இப்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம்' என்று சொல்லியிருப்பார். 

சங்கங்களோடு எனக்குச் சண்டை உண்டு. வெளி ஆள் தலைவராக இருக்கும்போது, எங்கள் கம்பெனியின் சின்னப் பிரச்சினை அவருடைய கட்சியின் பெரிய பிரச்சினையாக மாறிவிடுகிறது. ஒரே ஷாப்பில் இரண்டு சங்கம் இருந்தால் ஒருவர் ஒப்புக்கொண்டதை மற்றவர் எதிர்த்தே ஆக வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம் என்று வந்திருப்பதை நான் வரவேற்கிறேன். வேலைநிறுத்தத்துக்கு எல்லா இடத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு என்பது தொழிலாளிக்குக் கஷ்டம்தான், அதை மறைக்க மாட்டேன்.

கேட்டவருக்கு ஒரு விஷயம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுப்பது சட்டப்படி தவறு. அதனால் யாரும் அந்தக் காரணத்தை எழுத மாட்டார்கள். மூன்று நிமிடம் லேட், ஷூ லேஸ் கட்டவில்லை, சூப்பர்வைசரை மரியாதைக் குறைவாகப் பேசினார், இப்படித்தான் மெமோ வரும். இப்படிப்பட்ட மெமோக்களை நானே டைப் செய்திருக்கிறேன். ஒன்றல்ல, பல. அது சரியில்லை என்று தெரிந்தே செய்தேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த ஆறு மாதம் ஒரு நிமிடம்கூட லேட்டாகப் போகாதீர்கள். எந்த மெமோவுக்கும் வாயால் பதில் சொல்லாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள்.

அம்பத்தூர் லேத்:

மனிதவளம் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். என் பட்டறையில் இருபது பேர். ஒவ்வொருவனும் கல்யாணத்துக்கு முன்பணம் கேட்க நேராக என்னிடம் வருவான். அதனால் சங்கம் எதற்கு என்று எனக்குத் தோன்றுவது இயல்புதான். அறுநூறு பேர் உள்ள இடத்தில் யாரிடம் போவான் என்று யோசிக்கவில்லை.

ஆனாலும் சாம்சங்கைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் சுங்குவார்சத்திரத்தில் பந்தல். நாடு முழுக்கச் செய்தி. அடுத்த தொழிற்சாலை இங்கே வருமா, பக்கத்து மாநிலத்துக்குப் போகுமா என்ற பயம் எங்களை மாதிரி சின்னவர்களுக்குத்தான் முதலில் வருகிறது. பெரிய ஆலை போனால் நான் பின்னாலேயே போக முடியாது.

வேடசந்தூர் தையல்:

அந்த 37 நாளில் முக்கியக் கோரிக்கையே சங்கத்தைப் பதிவு செய்வதுதானே அண்ணே? ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பம் போட்டுப் பதிவு வாங்குவது சட்டத்தில் இருக்கிற உரிமை. அதற்கு ஸ்டிரைக்கும் உயர் நீதிமன்றமும் வேண்டியிருந்தது. 2025 ஜனவரி 27இல்தான் பதிவு கையில் வந்தது. காலத்தில் முத்திரை குத்தியிருந்தால் அந்தப் பந்தலின் பெரிய காரணமே இல்லாமல் போயிருக்கும்.

நான் கார்மென்ட்ஸ். எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் 2021 ஜனவரியில் ஆலைக்குப் போன ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்தப் பெண் இருந்த சங்கம், தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், பெண்கள் நடத்துகிற சங்கம். அவர்கள் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டார்கள். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியும் தனியாகக் கையெழுத்துப் போட்டது. லைனில் வேலை செய்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். வாயைத் திறந்து புகார் சொன்னால் பழிவாங்கக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறது.

எழுத்தில் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் லைனில் சூப்பர்வைசர் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவார், அது நல்ல நாளில். அந்த ஆலையில் வேலை செய்யும் என் சித்தி மகள் சொன்னாள், 'இப்போ பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க அக்கா.' சம்பளத்தைப் பற்றிச் சொல்லவில்லை, இதைத்தான் முதலில் சொன்னாள்.

ஒரகடம் நைட் ஷிஃப்ட்:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். சங்கத்தால்தான் மில் மூடியதா என்று.

அப்பா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார், பக்கத்து மில்லில் சங்கமே கிடையாது, அதுவும் அதே வருடம்தான் மூடினார்கள். பஞ்சு விலை, பழைய மெஷின். அங்கே ஒருத்தருக்கும் கிராஜுவிட்டி வரவில்லை. இங்கே ஒன்பது வருடம் ஆனாலும் வந்தது, வழக்கைச் சங்கம் நடத்தியதால் வந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வந்து, 'அந்த ஒன்பது வருஷமும் தீப்பெட்டி ஒட்டினது யாரு? அதையும் சேர்த்துச் சொல்லுங்க' என்றார். அப்பா தலையாட்டினார். நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டை அடுக்கியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. விரல் நகத்தில் பசை காய்ந்து கிடக்கும். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

திங்கட்கிழமை லைன் அண்ணனிடம் மூன்றாவது கேட் நண்பர் கேட்டதைக் கேட்டேன். நாற்பத்தொரு பேரில் கான்ட்ராக்ட் ஒருவர்கூட இல்லை. 'அவங்களைச் சேர்த்தா கான்ட்ராக்டர் அன்னைக்கே வெளியே அனுப்பிடுவான், அவங்களுக்கு நல்லதுன்னுதான் சேர்க்கல' என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். விரல் போன பையன் கான்ட்ராக்ட்தான் என்று சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

இப்போது பேச்சு இப்படி இருக்கிறது. முதல் கோரிக்கை சென்சார், இரண்டாவது அந்தப் பையனின் மெமோவை வாபஸ் வாங்குவது. சம்பளம் மூன்றாவது. கான்ட்ராக்ட் பையன்கள் பெயரை விண்ணப்பத்தில் போடாமல், பதிவு ஆனதும் உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று விதியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தேவிகுளம் தங்கை சொன்ன மூன்று கேள்வியையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். கணக்கு வாசிப்பது பற்றி அவர்கள் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது கேட்:

பதிவு ஆனதும் என்று சொல்லித்தான் எங்களையும் பந்தலில் உட்கார வைத்தார்கள். பழி சொல்லவில்லை அண்ணே. விதியில் எழுத்தாக வந்தால் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அந்தப் பையனிடம் கொடுங்கள்.

ஒரகடம் நைட் ஷிஃப்ட்:

கொடுக்கிறேன்.

நாற்பத்திரண்டாவது பெயர் என்னுடையது. நேற்று ராத்திரி போட்டேன். ஒரு சந்தேகம் மட்டும், பெரியவரே. முகவரி கேட்கிறார்கள். கோவில்பட்டி முகவரி எழுதினால் பரவாயில்லையா? ரூம் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம், ஹவுஸ் ஓனர் பயந்தவர்.

பழைய பெரம்பூர்:

இப்போது குடியிருக்கும் ரூம் முகவரியையே எழுதுங்கள். லேபர் ஆபீஸிலிருந்து தபால் வந்தாலும் விசாரிக்க ஆள் வந்தாலும் நீங்கள் இருக்கிற இடத்துக்குத்தான் வர வேண்டும். ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யாராவது சொல்லி அவர் கேள்விப்படக் கூடாது. பெயர், ஆதாரில் இருக்கிற மாதிரியே, இனிஷியலோடு. அந்தச் சாம்பார் பட்ட தாளை விட்டுவிட்டுப் புதுத்தாளில் எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கலங்கிய இரண்டு பெயரை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள்.